பினாங்குக்கு ஒரு சபுர்: கடிகாரத்தை நம்பாதீர்கள்!

தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடும் வேளையில், குடும்பத்தோடு எங்கேனும் சென்று வரலாமே என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவது வழக்கம். கையில் சற்றே வசதி உள்ளவர்கள் உம்ராவுக்கு அடுத்தபடியாக எண்ணிப் பார்க்கும் ஊர்களுள் ஒன்று பினாங்கு. பயண ஏற்பாட்டாளர்களின் வண்ணத் தாள்களும் ‘வசந்த காலச் சுற்றுலா’ என்று நம்மை அழைக்கின்றன. அன்பு வாசகர்களே! அங்கே வசந்தம் என்றொரு பருவமே கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் கிடக்கிறது அந்தத் தீவு. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி வெப்பம். இரவில் 24, 25. மார்ச் முதல் மே வரை உள்ள காலத்தை அங்குள்ளோர் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலமாகவே அறிவர். காலையில் தெளிந்த வானம், நண்பகலில் கொதிக்கும் வெயில், பிற்பகலில் திடீரென்று இடியோடு கொட்டும் மழை. இதுவே அதன் இயல்பு.

வசந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டு. வறண்ட நாட்களுக்குப் பின் முதல் மழை விழுந்ததும் சாலையோரத்து அங்சானா மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். நம் வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. ஓரிரு நாட்களில் அத்தனை பூவும் உதிர்ந்து தெருவெல்லாம் மஞ்சள் விரிப்பாகிவிடும். நீங்கள் தங்கும் நாட்களில் அது வாய்த்தால் உங்கள் நற்பேறு.

நாம் இங்கே பேச இருப்பது, அந்த வெயிலிலும் மழையிலும் முதியோரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஊரை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான். மூன்று நாள் தங்கி, கடற்கரை ஒன்றையும் பேரங்காடி இரண்டையும் பார்த்துவிட்டு, “வெயில் தாங்க முடியவில்லை, ஊரில் ஒன்றும் இல்லை” என்று சலிப்போடு திரும்புவோர் நம்மில் உண்டு. நம் முன்னோர் இரு நூற்றாண்டுகளாகச் சபுர் செய்த ஊரைப் பற்றியா இந்தப் பேச்சு?

கடிகாரம் ஒன்று, கதிரவன் ஒன்று

பினாங்கில் இறங்கியதும் உங்கள் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைப்பீர்கள். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் நாளன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. பினாங்கு அமைந்துள்ள இடத்துக்கு உரிய இயற்கையான நேரத்தைவிட அங்குள்ள கடிகாரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஏப்ரல் மாதத்தில் சுபுஹு நேரம் ஆறு மணியை ஒட்டித் தொடங்கும். சூரிய உதயம் ஏழே கால். லுஹர் ஒன்றேகாலைத் தாண்டி. மஃரிப் ஏழரை மணிக்கு!

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம்மூரில் மாலை ஐந்து மணி என்றால் வெயில் தணிந்த வேளை. குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் நேரம். பினாங்கில் ஐந்து மணிக்கு வானத்தில் சூரியன் இருக்கும் உயரம், மூன்றே முக்கால் மணிக்கு உரிய உயரம். ‘ஐந்தாகிவிட்டதே, வெளியே போகலாம்’ என்று பெரியவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினால் தலை சுற்றத்தான் செய்யும். அதுபோலவே காலை ஒன்பது மணிக்கு ‘வெயில் ஏறியிருக்குமே’ என்று தயங்கவும் வேண்டாம். அப்போது அங்கே இன்னும் இளங்காலைதான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொரு புதுமையும் உண்டு. சூரியன் நண்பகலில் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் நிழல் அவன் காலடியிலேயே அடங்கிவிடும். அஸர் நேரத்தைக் கணக்கிடும்போது உச்சிப் பொழுதின் நிழலைத் தள்ளிவிட்டு அளக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்திருப்பீர்கள். அந்நாட்களில் அங்கே தள்ளுவதற்கு நிழலே இராது. பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும் வேளை, உச்சியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, நாலரை மணியை ஒட்டி வரும். நம் பிள்ளைகளுக்கு ஒரு குச்சியை நட்டு இதைக் காட்டிக் கொடுக்கலாம். எந்த நூலைக் காட்டிலும் நன்றாக மனத்தில் பதியும்.

ஆகவே, பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையையே உங்கள் பயண அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். சுபுஹு தொழுததும் புறப்பட்டுப் பதினொரு மணி வரை நடப்பது. லுஹருக்குப் பள்ளிவாசலின் நிழல். அஸர் வரை அறையில் ஓய்வு. அஸர் தொழுத பின், மழை வெறித்திருந்தால், மீண்டும் தெரு. இஷாவுக்குப் பின் இரவு உணவு. பினாங்கில் வாழ்வோரின் நாளும் ஏறக்குறைய இவ்வாறே செல்கிறது. காலை உணவுக் கடைகளும் இரவு உணவுக் கடைகளும் களைகட்டும். நடுப்பகலில் ஊர் சோம்பிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் கடைகள் ஜும்ஆவுக்காக மூடப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காலை நடை

முதல் நாள் காலை நடையைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து தொடங்குங்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் இறங்கி ஜார்ஜ் டவுனை அமைத்த பதினைந்தாம் ஆண்டில், 1801இல், நம் சமுதாயத்தின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் என்பார் இதனை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய நிலம் 18 ஏக்கர். இப்போது காணும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூப்ரானர் என்ற கட்டடக் கலைஞர் திருத்தி அமைத்தவை. ‘கெலிங்’ என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். கலிங்கத்திலிருந்து பிறந்த பழம்பெயர் அது. இன்று ஒருவரை நேரே அவ்வாறு அழைப்பது இழிவுதான். ஆனால் பள்ளிவாசலின் பெயர் வரலாறாகிவிட்டது.

பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று சகோதரிகள் கேட்பீர்கள். இங்கும் மலேசியாவின் ஏனைய பள்ளிவாசல்களிலும் பெண்கள் தொழ இடம் உண்டு. தெலெகோங் எனப்படும் வெண்ணிறத் தொழுகை உடைகளும் பெரும்பாலும் அங்கேயே தொங்கவிடப்பட்டிருக்கும். பயணத்தில் இது எத்தனை பெரிய வசதி என்பதை, நம்மூர்ப் பேருந்து நிலையங்களில் தொழ இடம் தேடித் தவித்த பெண்மணிகள் அறிவார்கள்!

அதே சாலையில் ஆங்கிலேயர் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனர்களின் குவான் இன் கோயிலும் உள்ளன. 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயிலின் பின்புறமும் இச்சாலையைப் பார்த்தே அமைந்திருக்கிறது. பள்ளிவாசலிலிருந்து சூலியா வீதிக்குத் திரும்புங்கள். சூலியா என்பது நம்மவரையே குறித்த பெயர். இவ்வீதியில் நூர்தீன் குடும்பத்தாரின் அடக்கத்தலம் இருக்கிறது. கப்பல் உடைமையாளராகவும் பெருவணிகராகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த முகம்மது மெரிக்கன் நூர்தீனின் குடும்பம் அது. ‘மெரிக்கன்’ என்பது வேறொன்றும் அன்று, நம் ‘மரைக்காயர்’தான். இன்றும் பினாங்கில் பலர் அதனைக் குடும்பப் பெயராகச் சுமக்கிறார்கள். சூலியா வீதியும் கிங் வீதியும் கூடும் முனையில் நாகூர் தர்கா ஷரீபின் சிறு வடிவம் நிற்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் ஊர் நினைவைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையை அச்சே வீதிக்கு ஒதுக்குங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. அச்சேயிலிருந்து வந்த தெங்கு சையத் உசேன் என்ற செல்வர் 1808இல் நிறுவிய பள்ளிவாசல் இங்கே உள்ளது. எண்கோண வடிவ மினாராவின் உடலில் வட்டமான துளை ஒன்று காணப்படும். 1867ஆம் ஆண்டு நகரில் மூண்ட கலவரத்தின்போது பீரங்கிக் குண்டு துளைத்த இடம் என்று கூறுவர். துளையைவிடச் சிறப்பு வாய்ந்தது தெருவின் கதை. வானூர்தி வருமுன் வட சுமத்ரா, தென் தாய்லாந்து, மலாய் நாட்டின் வடபகுதி எங்கிருந்தும் ஹஜ்ஜுக்குச் செல்வோர் இங்கேதான் கூடுவர். கப்பல் வரும்வரை நாட்கணக்கில் தங்குவர். பயணச் சீட்டு முகவர்கள், விடுதிகள், கிதாபுக் கடைகள், இஹ்ராம் துணி விற்போர் என்று தெருவே ஹாஜிகளுக்காக இயங்கிற்று. ‘இரண்டாவது ஜித்தா’ என்றே அதற்குப் பெயர். 1970களில் ஹஜ் பயணம் வானூர்திக்கு மாறியதும் தெரு அடங்கிவிட்டது. காலை ஏழரை மணிக்கு அந்த முற்றத்தில் நின்று பாருங்கள். புறாக்களும் கூட்டுவாரும் தவிர அநேகமாக வேறெவரும் இருக்க மாட்டார்கள். பத்து மணிக்குமேல் அடுத்துள்ள ஆர்மீனியன் வீதியில் சுவரோவியங்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் சேர்ந்துவிடும். 2012இல் தீட்டப்பட்ட மிதிவண்டிக் குழந்தைகளின் ஓவியத்துக்கு நிற்கும் வரிசையில் நூற்றில் ஒரு பங்கினர் பக்கத்துத் தெருவுக்கு வந்தாலும் போதும் என்று எனக்குத் தோன்றும்.

கடலின்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனர் குடியிருப்புகளைக் காணச் செல்வோருக்கு ஒரு சொல். அவை மக்கள் வாழும் வீடுகள். திறந்த வாசலுக்குள் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் தகாது. நம் வீட்டு வாசலில் அவ்வாறு செய்தால் பொறுப்போமா?

நடுப்பகலும் மழையும்

பழைய ஜார்ஜ் டவுனைக் கட்டியவர்கள் வெயிலையும் மழையையும் அறிந்தவர்கள். கடைவீடுகளின் முன்னே, மேல்மாடி நீட்டிக்கொண்டிருக்க, அதன் கீழே ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடைபாதை ஓடும். அங்குள்ள தமிழர்கள் இதனை ‘அஞ்சடி’ என்பார்கள். ஒரு கடையின் அஞ்சடியிலிருந்து அடுத்ததற்கு மாறிக்கொண்டே ஒரு தெருவின் நெடுந்தூரத்தை நனையாமல் கடக்கலாம். ஆங்காங்கே இரு சக்கர வண்டிகளும் சரக்கு மூட்டைகளும் வழிமறிக்கும். அப்போது மட்டும் தெருவில் இறங்கி ஏற வேண்டும். தரையின் உயரம் கடைக்குக் கடை மாறும் என்பதால் முதியோரின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். மழை நாளில் வழவழப்பான ஓடுகள் வழுக்கும்.

பிற்பகல் மழை அநேகமாக ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். குடை இருந்தாலும் இடி முழங்கும்போது திடலிலோ கடற்கரையிலோ நிற்க வேண்டாம். மழைக்குப் பின் கொசுத் தொல்லை உண்டு. டெங்குக் காய்ச்சல் அந்நாட்டில் அஞ்சத்தக்க ஒன்று. குழந்தைகளுக்கு முழுக்கை உடுப்பு அணிவியுங்கள்.

உண்பதும் குடிப்பதும்

நாசி கண்டார் பற்றிச் சொல்லாமல் பினாங்கைப் பற்றி எழுத முடியாது. ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் காவுத்தடி. ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் கறிச் சட்டிகளுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுச் சென்ற தமிழ் முஸ்லிம்களின் தொழில், இன்று மலேசியா முழுமைக்கும் பெருமைக்குரிய உணவாகிவிட்டது. கேம்பல் வீதியிலுள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. வரிசையில் நின்று, கறிகளைக் கைகாட்டிக் கேட்டு வாங்க வேண்டும். எல்லாக் குழம்புகளையும் கலந்து ஊற்றுவதே மரபு. அதற்கு ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று பெயர். காரம் தாங்காத பிள்ளைகள் இருந்தால் ‘குவா அசிங்’ என்று சொல்லுங்கள். நம் காதுக்கு விகாரமாக ஒலித்தாலும் ‘குழம்பு தனியாக’ என்பதே அதன் பொருள்! விலை தட்டுக்கு அன்று, அதில் விழும் துண்டுகளுக்கே. பெரிய இறாலும் மீன் சினையும் தட்டில் ஏறினால் கணக்கும் ஏறும். முன்னதாகக் கேட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பரிமாறுபவரை ‘அண்ணே’ என்று அழைத்தால் மலாய்க்காரரும் சீனரும்கூட அவ்வாறே அழைப்பதைக் காண்பீர்கள்.

எல்லாக் கடைகளும் ஹலால் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெருவோர உணவுத் திடல்களில் நம்மவர் கடையும் பிறர் கடையும் அடுத்தடுத்து இருக்கும். அரசின் ஹலால் முத்திரையைப் பார்த்தோ கேட்டோ உண்ணுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: அங்கே ‘தே’ என்று கேட்டால் இனிப்புக் கட்டிப்பால் கலந்த தேநீர் வரும். ஒரு நாளைக்கு நான்கு குவளை உள்ளே போனால் என்னவாகும்? ‘தே ஓ கோசோங்’ என்று கேளுங்கள். பாலும் சர்க்கரையும் அற்ற தேநீர் கிடைக்கும். எந்தப் பானத்துக்கும் ‘கூராங் மானிஸ்’ என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். இவ்விரு தொடர்களையும் ஒரு தாளில் எழுதி உங்கள் தாய் தந்தையரிடம் கொடுத்து வையுங்கள். வெயிலுக்கு உகந்தது சாதிக்காய்ச் சதையிலிருந்து எடுக்கும் சாறு. தீவிலேயே விளைவது. அதையும் இனிப்புக் குறைத்தே கேட்க வேண்டும். மே மாதத்தில் டுரியான் பழம் வரத் தொடங்கும். விடுதி அறைக்குள் அதைக் கொண்டு செல்ல விட மாட்டார்கள். தோட்டத்திலோ தெருக்கடையிலோ உண்டு முடித்துவிடுங்கள்.

மலையும் கடலும்

தீவின் நடுவிலுள்ள மலைக்குச் செல்லும் இழுவை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போதுள்ள பெட்டிகள் 2011இல் வந்தவை. மேலே கீழ்நாட்டைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சி. தொழப் பள்ளிவாசலும் உண்டு. காலையிலேயே சென்றுவிடுங்கள், பிற்பகலில் மேகம் மூடிவிடும், வரிசையும் நீளும். பத்து பெரிங்கி கடற்கரை மாலை நேரத்துக்கு உரியது. ஜெல்லி மீன்கள் உண்டு என்பதால் குழந்தைகளை நீரில் இறக்குமுன் அங்குள்ளோரைக் கேளுங்கள். வேறு சிறப்பாகச் சொல்ல ஏதுமில்லை. நம் கடற்கரைகளைக் கண்டவர்களுக்கு அது வியப்பூட்டாது.

ஏப்ரல் நான்கு, ஐந்து தேதிகளை ஒட்டிச் சீனர்கள் தம் முன்னோர் கல்லறைகளுக்குச் செல்லும் நாள் வரும். மயானங்களை ஒட்டிய சாலைகளில் நெரிசல் மிகும். ரமலான் 2023இல் மார்ச் 23 அன்றும், 2025இல் மார்ச் 2 அன்றும் அங்கே தொடங்கியது. ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகரும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துப் பயண நாளைக் குறியுங்கள். நோன்பு நாட்களில் சென்றால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நம்மூர் நோன்புக் கஞ்சியே கிடைக்கும்!

யாரிடம் செலவழிப்பது?

பழைய நகரம் 2008இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதற்கு முன்பே ஒரு பெரும் மாற்றம் நேர்ந்துவிட்டது. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்தாமல் காத்து வந்த சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த நீக்கம் நடைமுறைக்கு வந்தது. மிகக் குறைந்த வாடகையில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு தொழில் செய்தோரும் வெளியேறினர். அவர்கள் இருந்த இடங்களில் பல இன்று அலங்காரக் காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. வெளியில் சுவர்கள் அவ்வாறே இருக்கின்றன. உள்ளே இருந்த மக்கள் இல்லை. வீட்டு உரிமையாளர்களுக்கும் நெடுங்காலம் அநீதி நேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும் இழப்பு இழப்புதான்.

ஆகையால் உங்கள் வெள்ளியை (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வர்) எங்கே செலவிடுகிறீர்கள் என்பது சிறு செய்தியன்று. பணம் மாற்றுவதைப் பள்ளிவாசலை ஒட்டிய தெருக்களிலுள்ள நம்மவர் கடைகளில் மாற்றுங்கள். மசாலாவும் சாதிக்காய்த் தைலமும் அத்தரும் பேரங்காடியில் வாங்காமல் அத்தெருக்களிலேயே வாங்குங்கள். தைக்கும் தொப்பி வேண்டுமென்றால் தைப்பவரைத் தேடிப் போங்கள்.

இறுதியாக, நாகூர், காரைக்கால், கடையநல்லூர், இராமநாதபுரம் பகுதி வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் குடும்பத்தில் எவரேனும் சபுராளியாகப் பினாங்கில் கடை வைத்திருந்தாரா? 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பற்றியதோடு நாகப்பட்டினத்துக் கடல்வழி முடிந்துபோயிற்று. கடிதங்கள் மட்டும் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றிலுள்ள முகவரியைக் கண்டுபிடிப்பது இயலாத செயலன்று. பழைய பிட் ஸ்திரீட்தான் இன்று பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் சாலை. கதவு எண்கள் மாறியிருக்கலாம். எனவே முகவரியோடு கடைப்பெயரையும், உங்கள் பாட்டனாரின் ஊர்ப்பெயரோடு கூடிய அழைப்புப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். “கடையநல்லூர் இன்னார்” என்றுதான் அவர்களை அங்கே அறிந்திருப்பார்கள். பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்ததும், வெயில் இறங்கும் வரை வராந்தாவில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் ஸலாம் சொல்லிக் கேளுங்கள். எண்பதைக் கடந்தவர்களுக்கே பழைய கடைகள் நினைவிருக்கும். மூலக் கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு நகலை மட்டும் கொண்டு செல்லுங்கள். அந்த வேளையில் வரும் மழையைத் தாள் தாங்காது.